இசக்கியம்மாள் கேட்ட ஏழு கேள்விகள்

1. ஆறாத புண்

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் இருந்து தோல் வேலைக்கு வந்தவர்கள் பலர்.

சுடலைமுத்துவும் அப்படி வந்தவர்தான். வயது 46. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். மனைவி இசக்கியம்மாள் காலையில் இட்லி சுட்டு விற்கிறார். மகள் முத்துச்செல்வி 10-ஆம் வகுப்பு படிக்கிறாள்.

சுடலைமுத்துவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்யும்போது வாயில் புகையிலையை அடக்கிக்கொள்வார். இருபது வருடப் பழக்கம். "இது இருந்தால்தான் கை ஓடும்" என்பார்.

ஒரு நாள் சாப்பிடும்போது "ஸ்ஸ்" என்று கன்னத்தைப் பிடித்தார். காரம் பட்டு எரிந்தது.

இசக்கியம்மாள் டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். சுற்றிலும் வெள்ளையாக இருந்தது.

"எத்தனை நாளாக இருக்கு?"

"இரண்டு மாசம் இருக்கும். சூட்டுப் புண். தானாக ஆறிடும்."

இசக்கியம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. அவர் ஒரு வருடமாக இரவுப் பள்ளிக்குப் போகிறார். நாற்பது வயதில் எழுத்துக் கற்றவர். பள்ளிச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது. அவரே எழுத்துக் கூட்டிப் படித்தது.

"வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள்."

மறுநாளே கணவரை அழைத்துக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். "புண்ணில் இருந்து ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்றார். அதற்குப் பெயர் பயாப்சி.

சுடலைமுத்து பயந்தார். "கத்தி பட்டால் நோய் பரவும் என்கிறார்களே?"

"பரவாது. சோதிக்காமல் நோய் என்ன என்று சொல்ல முடியாது. நோய் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது" என்றார் டாக்டர்.

சில நாளில் முடிவு வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. முத்துச்செல்வி படித்தாள். "ஸ்க்வாமஸ் செல் கார்சினோமா" என்றாள். அவள் குரல் நடுங்கியது.

வாய்ப் புற்றுநோய்.

இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. புகையிலை, குட்கா, பாக்கு, பீடி, மது ஆகியவை அதற்கு முக்கியக் காரணங்கள். இது தொற்றுநோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "பரேலில் டாட்டா ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போங்கள். தாமதிக்க வேண்டாம்."

2. இரண்டு காகிதங்கள்

செய்தி ஊருக்குப் போயிற்று. சுடலைமுத்துவின் தம்பி செல்லத்துரை ரயில் ஏறி வந்துவிட்டார். வந்ததும் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு பையில் இருந்து ஒரு நோட்டீஸை எடுத்தார். பச்சை நிறத்தில் அச்சடித்திருந்தது.

"மதினி, இதைப் பாருங்க."

இசக்கியம்மாள் படித்தார்.

"ஆபரேஷன் வேண்டாம்! கரண்ட் வேண்டாம்! எந்தப் புற்றுநோயும், எந்தக் கட்டமும், 90 நாளில் பூரண குணம்! பக்க விளைவு இல்லை!"

"மாசம் பதினைந்தாயிரம் ரூபாய். மூணு மாசம் சாப்பிடணும். நம்ம ஊரில் நாலு பேர் வாங்குறாங்க. அண்ணனை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் செல்லத்துரை.

"டாட்டா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காங்களே?"

செல்லத்துரையின் முகம் மாறியது.

"மதினி, எங்க அப்பாவை மறந்துட்டீங்களா? அவருக்கும் வாயில்தான். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனோம். கரண்ட் வச்சாங்க. வாயெல்லாம் வெந்து போச்சு. கஞ்சி கூட இறங்கலை. நாலே மாசத்தில் போயிட்டார். அண்ணனையும் அப்படிப் பார்க்க என்னால் முடியாது."

வீட்டில் யாரும் பேசவில்லை.

சுடலைமுத்து மெல்லச் சொன்னார். "தம்பி சொல்றதும் சரிதானோ? முகத்தை வெட்டிட்டா நான் எப்படி வெளியே போவேன்? யார் வேலை கொடுப்பா?"

இசக்கியம்மாள் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஆஸ்பத்திரிச் சீட்டு. மற்றது பச்சை நோட்டீஸ்.

"இரண்டையும் கேட்போம். ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்போம். பிறகு முடிவு செய்வோம்" என்றார்.

3. நோட்டில் எழுதிய கேள்விகள்

அன்று இரவு இசக்கியம்மாள் இரவுப் பள்ளிக்குப் போனார். ஜோதி டீச்சரிடம் நடந்ததைச் சொன்னார். வகுப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் ஏதோ சொல்வார். நாம் தலையை ஆட்டுவோம். வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்றே தெரியாது" என்றார் ஒரு பெண்.

"அதனால்தான் எழுதிக்கொண்டு போக வேண்டும்" என்றார் டீச்சர்.

எல்லோரும் யோசித்தார்கள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இசக்கியம்மாள் தன் கையாலேயே எழுதினார். ஏழு கேள்விகள் வந்தன.

1. இது என்ன நோய்? எந்தக் கட்டம்? எதைச் சோதித்துச் சொல்கிறீர்கள்?

2. இந்தச் சிகிச்சை எதற்கு? நோயைப் போக்கவா? வலியைக் குறைக்கவா?

3. எத்தனை பேருக்குச் செய்து பார்த்தார்கள்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? கணக்கு எங்கே இருக்கிறது?

4. இதனால் என்ன கெடுதல் வரும்?

5. செலவு எவ்வளவு? ரசீது உண்டா? உதவி கிடைக்குமா?

6. தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

7. மருந்தில் என்ன இருக்கிறது? கொடுப்பவர் என்ன படித்தவர்? பதிவு எண் உண்டா?

எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கை வலித்தது. ஆனால் மனம் கொஞ்சம் லேசானது.

4. டாட்டா ஆஸ்பத்திரியில்

சயானில் ரயில் ஏறினார்கள். பரேலில் இறங்கினார்கள். செல்லத்துரையும் கூட வந்தார்.

டாட்டா நினைவு மருத்துவமனை 1941-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இப்போது மத்திய அரசின் அணுசக்தித் துறை அதை நடத்துகிறது. இந்தியா முழுவதிலும் இருந்து நோயாளிகள் வருகிறார்கள். வாசலில் பல மொழிகள் கேட்கும்.

கூட்டம் அதிகம். கோப்பு போட வேண்டும். அட்டை வாங்க வேண்டும். ஸ்கேன் எடுக்க வேண்டும். பல நாள் அலைந்தார்கள். கடைசியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

இசக்கியம்மாள் நோட்டைப் பிரித்தார். இந்தியில் கேட்டார். டாக்டர் நோட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. "கேளுங்கள்" என்றார்.

"எந்தக் கட்டம்?"

"புற்றுநோயில் நான்கு கட்டங்கள் உண்டு. உங்கள் கணவருக்கு முதல் கட்டம். புண் சிறியது. கழுத்தில் கட்டி தெரியவில்லை."

"என்ன சிகிச்சை? எதற்கு?"

"நோயைப் போக்குவதற்கு. புண்ணையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் எடுப்போம். கழுத்தில் நெறிக்கட்டிகள் உண்டு. அவற்றையும் எடுப்போம். எடுத்ததைச் சோதிப்போம். தேவை என்றால் பிறகு கதிர் கொடுப்போம். தேவை இல்லை என்றால் கிடையாது."

செல்லத்துரை குறுக்கே கேட்டார். "கழுத்தில்தான் ஒன்றும் இல்லையே? ஏன் அங்கேயும் வெட்டணும்?"

டாக்டர் சிரித்தார். "நல்ல கேள்வி. எங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் சோதித்துப் பார்த்தார்கள்."

அவர் விளக்கினார். இதே மருத்துவமனையில் ஆரம்ப நிலையில் வாய்ப் புற்றுநோய் இருந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முதலிலேயே கழுத்துக் கட்டிகளை எடுத்தார்கள். மற்றப் பிரிவை அடிக்கடி சோதித்து வந்தார்கள். கழுத்தில் நோய் தெரிந்தால் அப்போது எடுத்தார்கள். 500 பேரின் முடிவு 2015-ஆம் ஆண்டு வெளிவந்தது. முதல் பிரிவில் மூன்று வருடம் கழித்து 100-க்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றப் பிரிவில் 100-க்கு 67 அல்லது 68 பேர்தான்.

"கண்ணுக்குத் தெரியாத நோய் கழுத்தில் சிலருக்கு இருக்கும். அதனால்தான் முதலிலேயே எடுக்கிறோம்" என்றார் டாக்டர்.

இசக்கியம்மாள் "80" என்று நோட்டில் எழுதினார். அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"அப்படியானால் 20 பேர்?" என்று கேட்டார்.

"உண்மைதான். எல்லோரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் அப்படிச் சொல்ல முடியாது."

"கெடுதல் என்ன?"

"சில நாள் குழாய் வழியே சாப்பிட வேண்டும். கன்னம் இறுகும். வாய் திறக்கப் பயிற்சி செய்ய வேண்டும். பேச்சு கொஞ்சம் மாறலாம். தோள் வலிக்கலாம். கதிர் கொடுத்தால் வாய் புண்ணாகும். எச்சில் குறையும். பெரும்பாலும் ஆறு வாரம் கொடுப்போம்."

"தள்ளிப் போட்டால்?"

"இப்போது சிறிய ஆபரேஷன். மூன்று மாதம் போனால் பெரிய ஆபரேஷன் ஆகலாம். தாடை எலும்பை எடுக்க வேண்டி வரலாம். இன்னும் தாமதித்தால் எடுக்கவே முடியாமல் போகலாம்."

செல்லத்துரை தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க அப்பாவுக்கு இதே நோய்தான். கரண்ட் வச்சதால் செத்தார்."

"அப்பா எப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தார்?"

"கழுத்தில் கட்டி உடைஞ்ச பிறகு. அதுக்கு முன்னால ஒரு வருஷம் ஊரில் மருந்து போட்டோம்."

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். "அப்பா கடைசிக் கட்டத்தில் வந்திருக்கிறார். அவரைக் கொன்றது நோய். உங்கள் அண்ணன் முதல் கட்டத்தில் வந்திருக்கிறார். இரண்டும் ஒன்று அல்ல."

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

5. பெஞ்சில் இருந்த பெண்

வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் படுத்திருந்தார். கழுத்தில் பெரிய கட்டு.

"எத்தனை நாளாக வருகிறீர்கள்?" என்று இசக்கியம்மாள் கேட்டார்.

"இப்போதுதான் வந்தோம். வாயில் சின்னப் புண். ஐந்து மாதம் ஒரு பொடி சாப்பிட்டார். ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். பொடி சாப்பிட்டபோது புண் ஆறுவது போல இருந்தது. பிறகு கழுத்தில் வந்துவிட்டது. நிலத்தை விற்றுவிட்டோம்."

"டாக்டர் என்ன சொல்கிறார்?"

"வலி இல்லாமல் வைத்துக்கொள்கிறோம் என்கிறார். மருந்து கொடுத்திருக்கிறார். நேற்று ராத்திரிதான் அவர் தூங்கினார்."

அதுவும் ஒரு சிகிச்சைதான். அதற்கு வலி தணிப்புச் சிகிச்சை என்று பெயர். நோயைப் போக்க முடியாத நிலையிலும் வலியைக் குறைக்க முடியும். இனி ஒன்றும் இல்லை என்று யாரையும் கைவிடத் தேவை இல்லை.

இசக்கியம்மாள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் மேல் என்ன தவறு? அவர் கணவரைக் காப்பாற்றத்தான் நினைத்தார். கேட்க வேண்டிய கேள்விகளை அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை.

6. பணத்துக்கு என்ன வழி?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் வேறு அறையில் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள். அவர்களின் வேலை நோயாளிக்கு வழி காட்டுவது. பணம், தங்கும் இடம், சாப்பாடு, ரயில் சலுகை எல்லாவற்றையும் அவர்களிடம் கேட்கலாம்.

அங்கே இருந்த அம்மா ஒரு பட்டியல் சொன்னார்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-இல் தொடங்கியது. அதில் சேர்ந்த குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். மகாராஷ்டிரத்தில் மகாத்மா ஜோதிராவ் புலே பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ரேஷன் கார்டும் ஆதார் அட்டையும் வேண்டும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் "ஆரோக்கிய மித்ரா" என்று ஒருவர் இருப்பார். அவரைக் கேட்டால் வழி சொல்வார். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போக ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கு ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும்.

"இதையெல்லாம் சிகிச்சைக்கு முன்னாலேயே கேட்க வேண்டும்" என்றார் அந்த அம்மா.

7. நித்தியகல்யாணி

வீட்டுக்கு வந்த பிறகும் செல்லத்துரைக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"மதினி, மூலிகையில் ஒன்றுமே இல்லையா? நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் மூலிகையில்தானே பிழைச்சாங்க?"

அந்தக் கேள்வி ஜோதி டீச்சரிடம் போயிற்று. டீச்சர் ஒரு பூவைக் காட்டினார். கோயிலிலும் சுடுகாட்டுப் பக்கமும் பூக்கும் நித்தியகல்யாணி.

"இந்தச் செடியில் இருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று பெயர். 1960-களில் இருந்து டாக்டர்கள் கொடுக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் பலர் பிழைக்க இந்த மருந்தும் ஒரு காரணம்."

செல்லத்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ இலையை அரைச்சுக் குடிக்கலாமா?"

"கூடாது. அது விஷச் செடி. செடியில் இந்த மருந்து மிக மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது. அதைப் பிரித்து எடுத்தார்கள். சுத்தம் செய்தார்கள். எந்த நோய்க்கு, எந்த வயதுக்கு, எத்தனை மில்லிகிராம் என்று சோதித்தார்கள். பிறகுதான் ஊசியில் ஏற்றினார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் அது ஆகாது."

டீச்சர் மேலும் சொன்னார். "மருந்து மூலிகையில் இருந்து வந்ததா, கம்பெனியில் இருந்து வந்ததா என்பது கேள்வி அல்ல. சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி."

முத்துச்செல்வி தன் போனைக் காட்டினாள். "டீச்சர், வாட்ஸ்அப்பில் வந்திருக்கு. முள்சீத்தாப்பழம் சாப்பிட்டால் புற்றுநோய் போகும் என்று. ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்களாம்."

"கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்லை வைத்து அதன் மேல் சாறு ஊற்றினால் செல் சாகலாம். அது முதல் படிதான். மனிதர்களுக்குக் கொடுத்துக் குணமானதாக நிரூபிக்கவில்லை. செய்தி வந்தால் மூன்று விஷயம் பார். எழுதியவர் யார்? ஏதாவது விற்கிறாரா? மனிதர்களிடம் சோதித்த கணக்கு இருக்கிறதா?"

எங்கே பார்த்தால் நம்பலாம் என்று முத்துச்செல்வி கேட்டாள்.

"அரசு மருத்துவமனைகள், பெரிய புற்றுநோய் மையங்கள் சொல்வதைப் பார். 2012-இல் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு தொடங்கியது. நாட்டின் பல புற்றுநோய் மருத்துவமனைகள் அதில் சேர்ந்துள்ளன. எந்தக் கட்டத்துக்கு என்ன சிகிச்சை என்று பொது வழிமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். அதையும் டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும்."

மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்றும் சிலர் கணக்கு எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோய் உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவாதவர்களை அதில் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிச் சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவம் மட்டும் செய்துகொண்டவர்கள் 281 பேர். மற்றவர்களை விட இவர்களுக்குச் சாவு ஆபத்து இரண்டரை மடங்கு இருந்தது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

8. நோட்டீஸ்காரரிடம் ஏழு கேள்விகள்

இசக்கியம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"ஐயா, என் கணவருக்கு வாய்ப் புற்று. பயாப்சி முடிவைப் பார்க்கிறீர்களா?"

"அதெல்லாம் வேண்டாம். எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான்."

"எத்தனை பேருக்குக் குணமாச்சு?"

"ஆயிரக்கணக்கில்."

"பெயர், வருஷம், எந்தக் கட்டம் என்று எழுதி வச்சிருக்கீங்களா? மூணு வருஷம் கழிச்சு எத்தனை பேர் இருக்காங்க?"

"நம்பிக்கை இருந்தால் வாங்க. இல்லை என்றால் விடுங்க."

"மருந்தில் என்ன இருக்கு?"

"அது பரம்பரை ரகசியம்."

"ரசீது கொடுப்பீங்களா? பதிவு எண் என்ன?"

போன் வைக்கப்பட்டது.

இசக்கியம்மாள் நோட்டைப் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஏழு பதில்கள் இருந்தன. நோட்டீஸ் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

புற்றுநோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வது குற்றம். அதற்கு 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இது பலருக்குத் தெரியாது.

எல்லா வைத்தியரும் அந்த நோட்டீஸ்காரரைப் போல இல்லை. தெருமுனையில் படித்துப் பட்டம் பெற்ற ஓர் ஆயுர்வேத டாக்டர் இருந்தார். சுவரில் பதிவு எண் மாட்டியிருந்தது. இசக்கியம்மாள் அவரிடமும் நோட்டை நீட்டினார்.

அவர் படித்துவிட்டுச் சொன்னார். "முதலில் ஆபரேஷன் செய்யுங்கள். அதை நான் தடுக்க மாட்டேன். பிறகு பசி இல்லை, தூக்கம் இல்லை என்றால் வாருங்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறேன். ஆனால் எந்த மருந்து சாப்பிட்டாலும் டாட்டா டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தோடு சேராது. சில உலோக மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்."

யோகாவும் மூச்சுப் பயிற்சியும் நோயாளிக்கு அசதியையும் கவலையையும் குறைக்க உதவும். அவற்றைச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம். சிகிச்சைக்குப் பதிலாகச் செய்யக் கூடாது.

9. சுடலைமுத்துவின் முடிவு

அன்று இரவு எல்லோரும் சுடலைமுத்துவைப் பார்த்தார்கள். நோய் அவருடையது. உடம்பு அவருடையது. முடிவும் அவருடையதுதான்.

அவர் நோட்டை வாங்கினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. வட்டம் போட்ட எண்ணை மட்டும் விரலால் தொட்டார்.

"இது என்ன?"

"எண்பது. நூற்றுக்கு எண்பது."

சுடலைமுத்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்தார். வாசலில் சாக்கடையில் போட்டார்.

"நான் ஆபரேஷனுக்குப் போறேன்" என்றார்.

செல்லத்துரை ஊருக்குத் திரும்பவில்லை. ஆபரேஷன் அன்று ரத்தம் கொடுத்தார். மருந்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அண்ணன் குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கொடுத்தார். இசக்கியம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவரே இட்லிப் பானையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றார்.

எடுத்த கட்டிகளைச் சோதித்தார்கள். ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத நோய் இருந்தது. அதனால் ஆறு வாரம் கதிர் கொடுத்தார்கள். நான்காவது வாரத்தில் வாய் வெந்தது. கஞ்சி இறங்கவில்லை. செல்லத்துரைக்கு அப்பாவின் நினைவு வந்தது. பயந்துபோய் நர்ஸிடம் ஓடினார். நர்ஸ் வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி கொடுக்கச் சொல்லித் தந்தார். சிகிச்சை முடிந்த பிறகு புண் மெல்ல மெல்ல ஆறியது.

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. சுடலைமுத்துவின் ஒரு கன்னம் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. சில சொற்கள் தெளிவாக வராது. காரம் சாப்பிட முடியாது. ஆனால் பட்டறைக்குப் போகிறார். பக்கத்தில் உட்காரும் இளைஞர்கள் புகையிலையை எடுத்தால் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.

இன்னும் பல வருடம் அவர் சோதனைக்குப் போக வேண்டும். தேதிகளை இசக்கியம்மாள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தேதியும் முடிந்ததும் அதில் ஒரு கோடு போடுகிறார்.

இரவுப் பள்ளிக்கு இப்போது புதிதாக ஒருவர் வருகிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்து "அ" எழுதுகிறார். அவர் சுடலைமுத்து.

நினைவில் கொள்வோம்

• மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி. இவை இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

• ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

• கேள்வி கேட்பது நோயாளியின் உரிமை. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் தவறு அல்ல. ஆனால் அதற்காக நாட்களைக் கடத்தக் கூடாது.

• "எல்லாப் புற்றுநோயும் குணமாகும்", "பக்க விளைவே இல்லை", "மருந்து ரகசியம்" என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

• வேறு மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

• சோதனை முடிவுகள், சீட்டுகள், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரமாக வைக்க வேண்டும்.

புதிய சொற்கள்

பயாப்சி: சிறு சதைத் துண்டை எடுத்துச் செய்யும் சோதனை.

கட்டம்: நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு.

கதிர் சிகிச்சை: கதிரைச் செலுத்திப் புற்றுநோயை அழிப்பது. மக்கள் இதைக் "கரண்ட் வைப்பது" என்பார்கள்.

வலி தணிப்புச் சிகிச்சை: நோயாளியின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் சிகிச்சை.

பேசுவோம்

1. செல்லத்துரை ஏன் ஆபரேஷன் வேண்டாம் என்றார்? அவர் பயம் நியாயமானதா?

2. பெஞ்சில் இருந்த பெண்ணுக்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

3. உங்கள் ஊரில் இப்படி நோட்டீஸ் பார்த்திருக்கிறீர்களா? அதில் என்ன எழுதியிருந்தது?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரி இல்லை. நாளை டாக்டரிடம் போக வேண்டும். நீங்கள் கேட்க நினைக்கும் மூன்று கேள்விகளை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.